இரு நகரங்களும் ஒரு பாதையும்

பங்காளிக் காய்ச்சல் மனிதருக்கு மட்டும் உரிய நோயன்று; ஊர்களையும் நகரங்களையும் அது பற்றும். எங்கோ தொலைவிலுள்ள பட்டினம் எத்துணைப் பெருகினும் நாம் பொருட்படுத்துவதில்லை. அடுத்த ஊரிலே ஒரு புதிய சந்தை எழும்பிவிட்டாலோ, "அஃது ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை?" என்ற கேள்வி அன்று மாலையே பிறந்துவிடுகிறது. இக்குணத்தைப் பழித்துரைத்தல் எளிது. நம்மிற் பலர் அதனைச் செய்தும் வருகிறோம். ஆயின், அயல் நகரங்களிடையே நிகழும் போட்டி எப்போதும் தீயதுதானா? எந்நிலையில் அஃது ஆக்கம் தருகிறது? எந்நிலையில் கேடு தருகிறது? இவ்வினாக்களை வெறும் அறவுரையாகப் பேசுவதைவிட, இருநூறு ஆண்டு வரலாறுடைய ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துப் பேசுவது பயனுடையதாகும். இங்கிலாந்தின் வடமேற்கில், ஏறத்தாழ 31 மைல் இடைத்தூரத்தில் அமைந்த லிவர்ப்பூலும் மான்செஸ்டருமே அவ்வெடுத்துக்காட்டு.

இவ்விரு பெயர்களும் நம்மவர்க்குப் புதியனவல்ல. இன்றைய மாணவனைக் கேட்டால், இரண்டும் உதைபந்தாட்டக் கழகங்களின் பெயர்கள் என்பான். அவனுடைய பாட்டனாரைக் கேட்டிருந்தால், மான்செஸ்டர் என்பது ஆலைத் துணிக்கு மறுபெயர் என்றிருப்பார். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று புவியியற் புத்தகத்திற் படித்தவர்களும் நாமே. உதைபந்தாட்ட மைதானத்தில் அவ்விரு நகரத்தாரும் ஒருவர்மேல் ஒருவர் காட்டும் சீற்றத்தைத் தொலைக்காட்சியிற் காண்கிறோம். அச்சீற்றத்தின் ஆணிவேர் பந்தில் இல்லை. பஞ்சுப் பொதியிலும், கப்பற் கூலியிலும், தண்டவாளத்திலும் இருக்கிறது.

ஒன்றுபட்டு அமைத்த பாதை

லிவர்ப்பூல், மேர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த துறைமுகம். மான்செஸ்டர், உள்நாட்டில் அமைந்த ஆலை நகரம். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளின் வியர்வையில் விளைந்த பருத்தி லிவர்ப்பூலில் இறங்கிற்று. மான்செஸ்டரிலும் அதன் சுற்றூர்களிலும் நூலாகித் துணியாயிற்று. மீண்டும் லிவர்ப்பூல் வழியே உலகெங்கும் சென்றது. ஒன்றின்றி மற்றொன்று வாழ முடியாத உறவு இது. அத்தகைய உறவிலேதான் மனக்கசப்பு மிகுதியாக வளரும் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தோர் அறிவர். "லிவர்ப்பூற் கனவான், மான்செஸ்டர் ஆள்" என்று அங்கு ஒரு பழைய வழக்கு உண்டு. துறைமுகத்திலிருந்து கணக்குப் பார்ப்பவன் கனவான். ஆலைப் புகையில் நிற்பவன் வெறும் ஆள் என்பது அதன் உட்பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு நகரங்களுக்கும் இடையே சரக்கு சென்றது நீர்வழியால். பிரிட்ஜ்வாட்டர் கால்வாயும், மேர்சி-எர்வெல் ஆற்று வழியும் சிலர் கையில் இருந்தன. அவர்கள் விரும்பிய கூலியை அறவிட்டனர். விரும்பிய வேளையிற் சரக்கை அனுப்பினர். இதனாற் பொறுமையிழந்த இரு நகர வர்த்தகரும் ஒன்றுகூடினர். லிவர்ப்பூலின் தானிய வியாபாரியான ஜோசப் சாண்டர்ஸ் போன்றோர் முன்னின்றனர். நீர்வழிக்கு மாற்றாகப் புகையிரதப் பாதை ஒன்று அமைப்பதென முடிவாயிற்று.

முதல் மசோதா 1825 ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. கால்வாய் உடைமையாளரும் நிலக்கிழாரும் அதனை எதிர்த்தனர். ஜோர்ஜ் ஸ்டீவன்சன் செய்திருந்த நில அளவையின் பிழைகளை வழக்கறிஞர்கள் குறுக்குக் கேள்விகளால் அம்பலப்படுத்தினர். அடுத்த ஆண்டே மசோதா நிறைவேறிற்று. எவ்வாறு? பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் வருவாயை அனுபவித்து வந்த ஸ்டஃபோர்ட் பிரபுவே புதிய பாதையில் 1,000 பங்குகளை வாங்கிக்கொண்டார். எதிரியைப் பங்காளியாக்கினால் எதிர்ப்புத் தணியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாதை அமைத்தலும் எளிதாய் இருக்கவில்லை. இடையே சற் மொஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலம் கிடந்தது. கொட்டிய மண்ணையெல்லாம் அது விழுங்கிற்று. இறுதியில் மரக்கிளைகளையும் புதர்ச்செடிகளையும் பாய்போற் பின்னிப் பரப்பி, அதன்மேற் பாதையை மிதக்கவிட்டார்கள். 1829 ஒக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் இயந்திரப் போட்டி நடந்தது. ஸ்டீவன்சன் குடும்பத்தாரின் 'ரொக்கெட்' வென்றது. 1830 செப்டெம்பர் 15 ஆம் நாள் பாதை திறந்துவைக்கப்பட்டது. பிரதமர் வெலிங்டன் பிரபு வந்திருந்தார். அன்றே, லிவர்ப்பூலின் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் வழியிலே 'ரொக்கெட்' வண்டியில் அடிபட்டு உயிர் நீத்தார். மான்செஸ்டரில் வறுமைப்பட்டிருந்த தொழிலாளர் கூட்டம் பிரதமரை வரவேற்றது மாலையோடு அன்று, கூச்சலோடு. வெற்றி, விபத்து, வயிற்றெரிச்சல் மூன்றும் ஒரே நாளில் ஒரே பாதையில் நிகழ்ந்தன.

முழுவதும் நீராவி வண்டிகளால், கால அட்டவணைப்படி இரு பெருநகரங்களை இணைத்த உலகின் முதற் புகையிரதப் பாதை இதுவே. சரக்குக்கென்று அமைத்த பாதையில் பிரயாணிகள் எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு ஏறினார்கள். மனிதர் ஊர்விட்டு ஊர் செல்ல இத்துணை விருப்புடையவர் என்பதை அதுவரை கணக்கிட்டவர் எவரும் இலர். அப்பாதை இன்னும் உயிரோடிருக்கிறது. 2015 முதல் அதன்மேல் மின்சார வண்டிகள் ஓடுகின்றன.

போட்டியிட்டு வெட்டிய கால்வாய்

அரை நூற்றாண்டு கழிந்தது. 1870 களின் பிற்பகுதியில் வர்த்தகம் தளர்ந்தது. மான்செஸ்டர் ஆலைக்காரர் தமது கணக்கைப் புரட்டிப் பார்த்தனர். லிவர்ப்பூல் துறைமுக வரியும் புகையிரதக் கட்டணமும் தம் இலாபத்தைத் தின்பதாகக் கண்டனர். முன்னர்க் கால்வாய்க்காரருக்கு எதிராக எந்தக் குறையைச் சொன்னார்களோ, அதே குறையை இப்போது பாதைக்காரருக்கும் துறைமுகத்தாருக்கும் எதிராகச் சொன்னார்கள். 1882 இல் டானியல் அடம்சன் என்னும் பொறியியலாளர் தம் இல்லத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். துறைமுகத்திற்கு நாம் போவானேன், கடலையே நம் வாசலுக்குக் கொண்டுவருவோம் என்பதே அங்கு பிறந்த எண்ணம்.

லிவர்ப்பூல் வாளாவிருக்குமா? அதன் துறைமுகச் சபையார் பாராளுமன்றக் குழுக்களில் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தனர். இரு முறை மசோதா தோற்றது. மூன்றாம் முறை 1885 இல் நிறைவேறியது. செல்வர் மட்டுமன்றிச் சிறு வருவாயினரும் பங்குகள் வாங்கினர். இடைநடுவிற் பணம் தீர்ந்தபோது மான்செஸ்டர் மாநகரசபை தன் வரிப்பணத்தின் பொறுப்பில் 50 இலட்சம் பவுண் கடனளித்துக் கைகொடுத்தது. ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் பவுண் செலவில், 36 மைல் நீளமான கப்பற் கால்வாய் 1894 யனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் விக்டோரியா மகாராணி வந்து முறைப்படி திறந்துவைத்தார். கடலைக் காணாத மான்செஸ்டர், பின்னர் பிரித்தானியாவின் மூன்றாவது பெருந்துறைமுகம் என எண்ணப்படும் அளவுக்கு உயர்ந்தது.

கால்வாய் திறந்தால் லிவர்ப்பூலின் தெருக்களிற் புல் முளைக்கும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். நிகழ்ந்தது வேறு. 1893 இல் லிவர்ப்பூல் தன் துறைமுகக் கரை நெடுகிலும் தூண்களின்மேல் ஒரு மின்சாரப் புகையிரதப் பாதையை எழுப்பிற்று. உயரத்தில் அமைந்த பாதையில் மின்சாரத்தால் வண்டியோட்டியது உலகில் அதுவே முதல் முறை. மழைக்காலத்தில் அதன் கீழே ஒதுங்கி நடந்த துறைமுகத் தொழிலாளர் அதனைத் தங்கள் குடை என்றே அழைத்தனர். மேர்சி ஆற்றின் அடியே 1886 இல் திறந்த சுரங்கப் புகையிரதத்தை 1903 இல் மின்சாரத்திற்கு மாற்றினார்கள். ஆற்றங்கரையில் இன்று நாம் படங்களிற் காணும் மூன்று பெருங் கட்டடங்களும் 1907 க்கும் 1917 க்கும் இடையில் எழுந்தவையே. அயலவன் கால்வாய் வெட்டினான் என்பதற்காக லிவர்ப்பூல் மூலையிற் குந்தி அழவில்லை.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். 1830 இல் இரு நகரங்களும் ஒன்றுபட்டன, பயன் விளைந்தது. 1894 இல் இரண்டும் மோதின. அப்போதும் பயன் விளைந்தது. ஆகவே, ஒற்றுமை நன்று, போட்டி தீது என்ற எளிய வாய்பாடு இவ்வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. இவ்விரு காலத்துக்கும் பொதுவாய் அமைந்தது எது? இரண்டு முறையும் நகரத்தார் தம் பணத்தைப் போட்டார்கள். தம் மூளையைச் செலவிட்டார்கள். இலாப நட்டத்தைத் தாமே ஏற்றார்கள். பாராளுமன்றத்திடம் அவர்கள் கேட்டது அனுமதியை, பணத்தையன்று.

கைநீட்டும் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலை மாறிற்று. பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. கப்பல்கள் பெருத்தன, கொள்கலன்கள் வந்தன, பழைய துறைகள் பயனற்றுப் போயின. மான்செஸ்டர்க் கால்வாயின் முனையிலிருந்த சால்போட் துறைகள் 1982 இல் மூடப்பட்டன. 1931 இல் லிவர்ப்பூலின் சனத்தொகை 8 இலட்சத்து 55 ஆயிரம். 2001 இல் அது 4 இலட்சத்து 40 ஆயிரம் அளவுக்கு வீழ்ந்தது. மான்செஸ்டரும் அதே காலத்தில் ஏறத்தாழப் பாதியாய்ச் சுருங்கியது. பகைவர் இருவருக்கும் ஒரே நோய் கண்டது.

அந்த வீழ்ச்சியின் தொடக்கத்தில் இரு நகரங்களும் தத்தம் கால்களைத் தாமே வெட்டிக்கொண்டதுபோல ஒரு காரியம் செய்தன. மான்செஸ்டரின் கடைசி ட்ராம் வண்டி 1949 யனவரியில் ஓடி நின்றது. லிவர்ப்பூலின் கடைசி ட்ராம் 1957 செப்டெம்பரில் நின்றது. தொழிலாளரின் குடையாயிருந்த அந்த உயரப் பாதை, பழுதுபார்க்கப் பணமில்லை என்ற காரணத்தால் 1956 டிசெம்பரில் மூடப்பட்டுப் பின் இடித்து அகற்றப்பட்டது. மோட்டார் வண்டியே எதிர்காலம் என்று உலகெங்கும் நம்பிய காலம் அது. மோட்டார் வண்டி வாங்க இயலாதவனுக்கு எதிர்காலம் எது என்று கேட்டவர் சிலரே.

பின்னர் இழந்ததை மீட்க முனைந்தபோது, நகரங்களின் கைப்பை வெறுமையாய் இருந்தது. ஒவ்வொரு பாதைக்கும் இலண்டனிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. லிவர்ப்பூலுக்கு 1970 களில் நற்பேறு வாய்த்தது. நகரின் நடுவே சுரங்க வளையம் தோண்டி, பழைய பாதைகளை இணைத்து, 1977 முதல் அதில் வண்டிகள் ஓடலாயின. அதே காலத்தில் மான்செஸ்டரும் ஒரு சுரங்கத்தை வேண்டியது. நகரின் இரு பக்கத்தே ஒன்றையொன்று காணாது நின்ற பிக்காடிலி, விக்டோரியா என்னும் இரு நிலையங்களையும் இணைக்கும் திட்டம் அது. அரசு பணம் தரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

சுரங்கம் கிடையாத மான்செஸ்டர், தெருவின்மேல் வழி தேடிற்று. 1992 இல் 'மெட்ரோலிங்க்' என்னும் புதிய ட்ராம் பாதை, நலிந்திருந்த இரு புறநகர்ப் பாதைகளைத் தெருவழியே இணைத்து ஓடத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் வீசியெறிந்ததை மீண்டும் பொறுக்கியெடுத்தார்கள். 2000 ஆம் ஆண்டளவில் அது மூடிய சால்போட் துறைகள் வழியாகவும் ஓடிற்று. இன்று அத்துறைகளின் கரையிலே பீ.பீ.சீ. நிறுவனத்தின் கலையகங்கள் நிற்கின்றன.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 2004 யூலையில் மத்திய அரசு மான்செஸ்டரின் ட்ராம் விரிவுத் திட்டத்துக்கான உதவியை நிறுத்திற்று. அதே ஆண்டின் இறுதியில் லிவர்ப்பூலின் புதிய ட்ராம் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. லிவர்ப்பூலுக்கு மகிழ்ச்சி. ஆனால் 2005 நவெம்பரில் அந்த உதவியும் மீளப் பெறப்பட்டது. செலவு மிகுந்தால் மிகையை யார் தாங்குவது என்ற வினாவுக்கு அரசும் உள்ளூர்ச் சபைகளும் ஒத்த விடை காணவில்லை. ஓர் ஆண்டு ஒருவனுக்கு இல்லை. மறு ஆண்டு மற்றவனுக்கு இல்லை. கொடுப்பவன் ஒருவனாகவும் கேட்பவர் இருவராகவும் இருக்குமிடத்து, கேட்பவர்களின் பகைமை கொடுப்பவனுக்கு ஒரு வசதி. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்னும் நம் பழமொழி, மேர்சிக் கரைக்கும் பொருந்துகிறது.

உள்வீட்டு ஒற்றுமை

அதற்குப்பின் மான்செஸ்டர் விரைவாக முன்னேறியது. 2020 இல் டிராஃபோர்ட் பார்க் பாதை திறந்தபோது மெட்ரோலிங்கின் தரிப்பிடங்கள் 99 ஆயின. லிவர்ப்பூல் தெருக்களில் ஒரு ட்ராம்கூட மீளவில்லை. இவ்வேறுபாட்டை மான்செஸ்டராரின் சாமர்த்தியம் என்று சொல்லி நிறுத்துவது போதாது.

1986 இல் மார்கரட் தட்சரின் அரசு இரு பிராந்தியங்களினதும் பெருநகர மாவட்ட சபைகளைக் கலைத்தது. மான்செஸ்டரைச் சூழ்ந்த பத்து உள்ளூராட்சிச் சபைகளும் சிதறிப்போகவில்லை. தாமாகவே ஒரு சங்கமாய்க் கூடி வந்தன. அவற்றிடையேயும் பொறாமை இருந்தது; போல்டன்காரனுக்கும் ஸ்டொக்போட்காரனுக்கும் மான்செஸ்டர்மேல் மனத்தாங்கல் உண்டு. ஆயினும் ஒரே மேசையில் இருந்து பேசும் பழக்கம் விடவில்லை. 2008 டிசெம்பரில் வீதிக் கட்டணம் விதித்துப் போக்குவரத்துக்குப் பணம் திரட்டும் திட்டத்தை மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஏறத்தாழ 79 வீதத்தினர் வேண்டாமென்றனர். பத்துப் பகுதிகளும் மறுத்தன. அத்தோல்வியின்பின் அடுத்த ஆண்டே பத்துச் சபைகளும் தம் வளங்களைச் சேர்த்து, 150 கோடி பவுண் அளவிலான ஒரு போக்குவரத்து நிதியை அமைத்தன. 2011 இல் அச்சங்கம் சட்டப்படியான கூட்டு ஆட்சிச் சபையாயிற்று. லிவர்ப்பூல்ப் பிராந்தியம் அந்நிலையை அடைந்தது 2014 இல். அம்மூன்றாண்டு இடைவெளியைவிட, அதற்கு முந்திய கால் நூற்றாண்டுப் பழக்கமே பெரிது என்பது என் கருத்து.

பஸ் வண்டிகளின் கதை இதற்கு மற்றுமொரு சான்று. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1986 ஒக்டோபர் முதல் இலண்டன் நீங்கலாகப் பெருநிலப் பிரித்தானியாவின் ஏனைய பகுதிகளில் பஸ் சேவை தனியார் போட்டிக்கு விடப்பட்டது. இலாபம் தரும் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் முண்டியடித்தன. இலாபம் தராத தெருவில் மாலைக்குப் பின் வண்டி இல்லை. ஒரு கம்பனியின் சீட்டு மற்றொரு கம்பனியின் வண்டியிற் செல்லாது. போட்டி என்பது எல்லாவிடத்தும் நன்மை பயக்குமாயின், இங்கும் பயந்திருக்க வேண்டும். பயக்கவில்லை. ஏனெனில் இங்கு போட்டியிட்டவர்கள் ஊரை வளர்க்கப் போட்டியிடவில்லை. ஊரிற் கொழுத்த துண்டைப் பிடிக்கவே போட்டியிட்டார்கள். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் மருத்துவமனைத் தாதிக்கு அப்போட்டியில் இடமில்லை.

மான்செஸ்டர்ப் பிராந்தியம் 2023 செப்டெம்பரில் தொடங்கி 2025 யனவரியில் முடித்து, எல்லாப் பஸ் வண்டிகளையும் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. கம்பனிகள் வழக்காடியும் தடுக்க இயலவில்லை. வண்டிகளுக்கு மஞ்சள் நிறம் பூசி, நகரின் பழஞ் சின்னமான தேனீயின் பெயரைச் சூட்டினார்கள். மான்செஸ்டரின் முதல் வண்டிகள் ஓடத் தொடங்கிய மறு மாதமே, 2023 ஒக்டோபரில், லிவர்ப்பூல்ப் பிராந்தியமும் அவ்வழியையே பின்பற்றுவதென முடிவு செய்தது. அயலவன் செய்தான்; நாமும் செய்வோம் என்னும் இவ்வகைப் போட்டியை யான் வாழ்த்துகிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளை படிப்பதைப் பார்த்து நம் பிள்ளையும் புத்தகத்தை எடுப்பது போன்றது அது.

இரண்டு பழைய நிலையங்கள்

2014 யூன் மாதத்தில் அன்றைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போன் மான்செஸ்டர் வந்தார். வடபகுதி நகரங்களை வேகப் பாதைகளால் இணைத்து, இலண்டனுக்கு நிகரான ஒரு பேராற்றலாக ஆக்குவோம் என்று முழங்கினார். அவர் பேசிய இடம் விஞ்ஞான கைத்தொழில் நூதனசாலை. 1830 ஆம் ஆண்டின் லிவர்ப்பூற் பாதை வந்து முடிந்த நிலையம் இன்று அந்த நூதனசாலையின் ஒரு பகுதி. 2023 ஒக்டோபர் 4 ஆம் நாள் அன்றைய பிரதமர் ரிஷி சுனக்கும் மான்செஸ்டர் வந்தார். இலண்டனிலிருந்து மான்செஸ்டர் வரை அமைக்கவிருந்த அதிவேகப் பாதையின் வடபகுதியைக் கைவிடுவதாக அறிவித்தார். அவர் பேசிய மாநாட்டு மண்டபமும் ஒரு காலத்தில் புகையிரத நிலையம். 1969 இல் மூடப்படும்வரை லிவர்ப்பூலுக்கு வண்டிகள் புறப்பட்ட மத்திய நிலையம் அதுவே. வாக்குறுதியும் ஒரு பழைய நிலையத்தில்; ஏமாற்றமும் ஒரு பழைய நிலையத்தில்.

அந்த மத்திய நிலையத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிவர்ப்பூலுக்கு விரைவு வண்டிகள் முக்கால் மணி நேரத்திற் சென்றன. வொரிங்டன் ஊடாகச் செல்லும் அதே வழியில் இன்றைய விரைவு வண்டியும் அதைவிடக் குறைந்த நேரத்திற் செல்வதில்லை. 1830 இன் வழியில் மட்டும் சற்று முந்திச் செல்லலாம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இரு பெருநகரங்களின் இடைத்தூரம் கடிகாரத்திற் பெரிதாகச் சுருங்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஒவ்வொரு நகரமும் தன்னுள் ஓடும் பாதைக்கு உழைத்தது. தமக்கிடையே ஓடும் பாதைக்கு உழைக்க யாருமிலர்.

இந்நிலை மாறுவதற்கு ஓர் அறிகுறி தோன்றியிருக்கிறது. 2017 மே மாதத்தில் இரு பிராந்தியங்களும் முதன்முறையாக மேயர்களைத் தேர்ந்தெடுத்தன. மான்செஸ்டர்ப் பிராந்தியத்தின் மேயராய் வந்த அன்டி பேர்ணம், லிவர்ப்பூலிற் பிறந்தவர். லிவர்ப்பூலின் எவர்ட்டன் கழகத்துக்கே கைதட்டுபவர். லிவர்ப்பூல்ப் பிராந்தியத்தின் மேயராய் வந்த ஸ்டீவ் ரொதெரம், எவர்ட்டனின் பகையான லிவர்ப்பூற் கழகத்தின் அன்பர். இருவரும் சேர்ந்து 2024 இல் ஒரு நூலை எழுதி வெளியிட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், இரு நகரங்களையும் இணைக்கும் புதிய புகையிரதப் பாதைக்கென ஒரு கூட்டுச் சபையையும் தொடக்கி வைத்தார்கள். தனித்தனியே கேட்டபோது இலண்டன் ஒருவரைக் காட்டி மற்றவரை மறுத்தது. இருவரும் ஒரே காகிதத்திற் கையொப்பமிட்டுக் கேட்டால் அவ்வாறு செய்வது கடினம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

மறுப்போர் கூற்று

இதற்கு இரு சாரார் மறுப்புச் சொல்வர். முதற் சாரார், இரண்டு நகரங்களையும் ஒரே ஆட்சியின் கீழ் இணைத்துவிட்டால் தொல்லை தீருமே என்பர். யான் உடன்படேன். ஊரின் பெயரும் பெருமையும் வரைபடத்தில் அழித்து எழுதத்தக்க கோடுகள் அல்ல. கால்வாய்க்குப் பங்கு வாங்கிய எளிய மனிதன், இலாபத்தை மட்டும் எண்ணி வாங்கவில்லை; தன் ஊர் தலைநிமிர வேண்டும் என்றும் எண்ணினான். அந்த உணர்ச்சியைக் கொன்றுவிட்டால் பின்னர் எதைக் கொண்டு நகரத்தை வளர்ப்பது?

இரண்டாம் சாரார், பணத்தைப் பங்கிட்டுச் சிதறடிப்பதைவிட, வளர்கின்ற மான்செஸ்டருக்கே முழுவதையும் கொடுத்தால் அதன் பயன் தானே அயலுக்கும் வழியும் என்பர். வாய்க்கால் வெட்டாத வயலுக்கு நீர் தானே வழியுமா என்று நம் கமக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம். மேலும், இருபுறத்து வாதத்திலும் மறக்கப்படுவோர் சிலர் உளர். அவர்கள் இடைவழி ஊரவர்கள். வொரிங்டன், சென்ற் ஹெலன்ஸ், நியூட்டன், விட்னஸ் என்று இரு நகரங்களுக்கும் நடுவே ஊர்கள் பல உள்ளன. அவ்வூர் மாணவன் ஒருவன் காலையிற் கிழக்கே போய்க் கல்வி கற்கவும், அவன் தமக்கை மேற்கே போய்த் தொழில் செய்யவும் இயலுமானால், இரண்டு நகரங்களும் அக்குடும்பத்துக்கு ஒரே நகரம். பாதையின் பயனை அதன் இரு முனைகளில் நின்று அளப்பது தவறு. நடுவில் நின்று அளக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. ஒரு கோபுரத்தை ஓர் ஊர் தனித்து நின்று கட்டலாம். ஒரு விளையாட்டரங்கைக் கட்டலாம். அயலூரைவிட உயரமாகவும் கட்டலாம். மான்செஸ்டரின் வானளாவிய மாடங்களையும், லிவர்ப்பூல் ஆற்றங்கரையில் 2025 இல் திறக்கப்பட்ட எவர்ட்டன் கழகத்தின் அரங்கையும் அவ்வகையிற் சேர்க்கலாம். அவற்றிற் போட்டியிடட்டும், நல்லதே. லிவர்ப்பூல் தன் கரையை அவ்வாறு வளர்க்க முனைந்தபோது, உலக மரபுரிமைப் பட்டியலில் 2004 இற் பெற்ற இடத்தை 2021 இல் இழந்தது என்பதையும் மறவாதிருக்கட்டும். ஆனால் ஒரு பாதையை எந்த ஊரும் தனித்து அமைக்க முடியாது. பாதைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் நிற்பவன் மறுமுனையில் நிற்பவனை நம்பாவிட்டால், நடுவிலே சதுப்பு நிலமே மிஞ்சும்.

இரு நூறாண்டுகளுக்கு முன், ஆழங் காணாத சதுப்பின்மேல் மரக்கிளைகளைப் பின்னி விரித்துப் பாதையை மிதக்கவிட்டவர்களின் பேரர்கள் அவர்கள். சேற்றைக் கடக்கும் வித்தையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை; ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டாற் போதும். அயலூரை முந்த வேண்டும் என்று துடிக்கும் எவ்வூராரும், முந்துவதற்கு முன் தம்மிருவருக்கும் இடையிலுள்ள வழியை ஒருமுறை நடந்து பார்த்து வருவாராக.